இரைப்பைப் புற்றுநோய் ஆபரேஷன்: நிணநீர் முடிச்சுகளை எவ்வளவு தூரம் எடுக்க வேண்டும்?

கொள்ளிடக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 63 வயது. ரொம்ப வருடமாகச் சர்க்கரை, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. சாப்பிட்டதும் வயிறு அடைக்கிறது என்று எண்டோஸ்கோபி பார்த்ததில் இரைப்பையின் அடிப்பகுதியில் புண்ணோடு கட்டி. பயாப்ஸியில் அடினோகார்சினோமா, அதாவது புற்றுநோய் என்று வந்துவிட்டது. சிடி ஸ்கேனில் கல்லீரலும் நுரையீரலும் சுத்தம். இரைப்பையை ஒட்டி இரண்டு மூன்று நிணநீர் முடிச்சு பெரிதாகத் தெரிகிறதாம்.

இரண்டு சர்ஜன்களைப் பார்த்தோம். ஒருவர் "வயசு, சுகர் எல்லாம் பார்த்தா டி1 போதும், ரொம்ப உள்ளே போய் நோண்ட வேண்டாம்" என்கிறார். இன்னொருவர் "டி2 தான் பண்ணணும், அதுக்கு முன்னாடி கீமோ கொடுத்துடலாம்" என்கிறார். டி1 என்றால் முடிச்சைக் குறைவாக எடுப்பது, டி2 என்றால் இன்னும் ஆழமாகப் போய் அதிகமாக எடுப்பது என்ற அளவில்தான் எனக்குப் புரிகிறது. இணையத்தில் தேடினால் ஓரிடத்தில் டி2 செய்தவர்களில் 10 சதவீதம் பேர் இறந்துபோனார்கள் என்று இருக்கிறது. இன்னோரிடத்தில் டி2 தான் உலகம் முழுக்க வழக்கம் என்று இருக்கிறது. தலை சுற்றுகிறது.

இன்னொன்று: சித்திக்கு மார்பகத்தில் ஆபரேஷன் செய்து அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பிறகு கை வீங்கியது, இன்னும் சரியாகவில்லை. அப்பாவுக்குக் கால் அப்படி வீங்குமோ என்று அம்மா பயப்படுகிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளைக்கோட்டு:

புற்றுநோய் அறுவை சிகிச்சையில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் ஸ்கேனைப் பார்க்காமல் அவருக்கு இதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் டி1, டி2 என்றால் என்ன என்று சொல்லலாம். அது தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

இரைப்பையிலிருந்து நிணநீர் எந்தெந்த வழியில் வடிகிறது என்று பார்த்து, ஜப்பான்காரர்கள் 1962-இல் போட்ட விதிமுறைப் புத்தகத்தில் முடிச்சுக் கூட்டங்களுக்கு எண் கொடுத்தார்கள். இன்றுவரை அதே எண்கள்தான். 1 முதல் 6 வரை இரைப்பையின் சுவரை ஒட்டியே இருப்பவை. 7 இடது இரைப்பைத் தமனியின் மேல். அதற்கு அப்புறம் ஆழம்: கல்லீரலுக்குப் போகும் பெரிய தமனியில் 8, அந்தத் தமனிகள் எல்லாம் கிளம்பும் இடத்தில் 9, மண்ணீரல் வாசலில் 10, மண்ணீரல் தமனி நெடுக 11, கல்லீரலுக்குள் நுழையும் குழாய்களோடு 12. பெருந்தமனியை ஒட்டி முதுகுப்பக்கம் கிடப்பது 16.

அப்பாவுக்குக் கட்டி அடிப்பகுதியில் இருப்பதால் பெரும்பாலும் முழு இரைப்பையையும் எடுக்க மாட்டார்கள். கீழ்ப்பக்கம் மூன்றில் இரண்டு பங்குதான் போகும். அந்த ஆபரேஷனில் டி1 என்றால் இரைப்பையோடு ஒட்டியதும் 7-ஆம் எண்ணும். டி2 என்றால் அதோடு 8, 9, 12-இன் முன்பக்கம், 11-இல் பாதி. அவ்வளவுதான் வித்தியாசம். கேட்க சின்னதாகத் தெரியும். ஆனால் அந்த வித்தியாசத்துக்காகக் கணையத்தின் மேல்விளிம்பில் தமனியின் சுவர் பளிச்சென்று தெரியும்வரை கொழுப்பை உரித்தெடுக்க வேண்டும். கணையத்தைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் அது கசியும். கை பழகாதவர் செய்யக் கூடாது என்பது அதனால்தான்.

அம்மாவின் கேள்விக்கு: கால் வீங்காது. கையின் நிணநீர் அக்குள் வழியாகத்தான் போயாக வேண்டும், அதனால் அங்கே எடுத்தால் கை வீங்குகிறது. காலின் நிணநீர் தொடை இடுக்கு, இடுப்பு வழியாக மேலே வருகிறது. டி2 அந்தப் பக்கமே போவதில்லை.

மாஸ்நதி:

தம்பி படித்த அந்த 10 சதவீதம் நான் இருக்கிற நாட்டில் வந்த கணக்கு. நான் ரோட்டர்டாமில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறேன், ஊர் வல்வெட்டித்துறை. இந்தக் கதையை இங்கே அறுவைப் பிரிவில் இருக்கிற எல்லோரும் ஒருக்காவாவது கேட்டிருப்பார்கள்.

1989-இல் நெதர்லாந்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். ஜப்பானில் எல்லோருக்கும் டி2 செய்கிறார்கள், அங்கே பிழைக்கிறவர்கள் அதிகம். அது ஆபரேஷனாலா, இல்லை அவர்கள் நோயை முன்னமே கண்டுபிடிப்பதாலா என்று பார்ப்பதுதான் நோக்கம். 80 ஆஸ்பத்திரிகள், 1,078 நோயாளிகள், 1993 வரை. குலுக்கல் முறையில் பாதிப்பேருக்கு டி1, பாதிப்பேருக்கு டி2. சொல்லிக்கொடுக்க டோக்கியோவிலிருந்து மிட்சுரு சசாகோ என்ற சர்ஜன் வந்தார்.

இப்போது வகுத்துப் பாருங்கள். நாலு வருடத்தில் 80 ஆஸ்பத்திரிக்கு 1,078 பேர். ஓர் ஆஸ்பத்திரிக்கு வருடத்துக்கு மூன்று நாலு பேர், அதிலே பாதிதான் டி2. வருடத்துக்கு இரண்டு செய்தால் யாருக்குக் கை வரும்?

குணப்படுத்தும் நோக்கத்தோடு கட்டியை எடுக்க முடிந்தவர்கள் 711 பேர். ஆபரேஷனை ஒட்டி இறந்தவர்கள் டி1-இல் 4 சதவீதம், டி2-இல் 10. சிக்கல்கள் 25-க்கு 43. ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 45-க்கு 47. அதாவது வித்தியாசமே இல்லை. 1999-இல் இது வெளிவந்தபோது ஐரோப்பாவில் டி2-வின் கதை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தில் 400 பேரை வைத்துச் செய்ததிலும் அதே மாதிரி: இறப்பு 6.5-க்கு 13, ஐந்து வருடக் கணக்கு 35-க்கு 33.

ஆனால் இரண்டு ஆய்விலும் ஒரு விஷயம் இருந்தது. அந்தக் காலத்து விதிப்படி, மேல்பகுதிக் கட்டி என்றால் 10, 11-ஆம் எண் முடிச்சுகளைச் சுத்தமாக எடுப்பதற்காக மண்ணீரலையும் கணையத்தின் வாலையும் சேர்த்தே வெட்டினார்கள். இறந்தவர்கள் அதிகம் அந்தக் கூட்டத்தில்தான்.

நெதர்லாந்துக்காரர்களைப் பாராட்ட வேண்டியது எங்கே என்றால், அதோடு அவர்கள் கோப்பை மூடவில்லை. 15 வருடம் அதே ஆட்களைப் பின்தொடர்ந்தார்கள். 2010-இல் வெளிவந்த முடிவு: இரைப்பைப் புற்றுநோயாலேயே இறந்தவர்கள் டி1-இல் 48 சதவீதம், டி2-இல் 37. அதே இடத்தில் நோய் திரும்பியது 22-க்கு 12. மண்ணீரலைக் காப்பாற்றும் டி2-வைச் செய்யலாம் என்று அவர்களே எழுதினார்கள். அப்புறம் இந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் இரைப்பையை வெட்டலாம் என்பதும் போனது. 2013-இலிருந்து வருடத்துக்குக் குறைந்தது 20 இரைப்பை ஆபரேஷன் செய்கிற ஆஸ்பத்திரிதான் செய்யலாம்.

சந்தேகப்பேர்வழி:

மாஸ்நதி அக்கா சொன்னதில் ஒரு எண்ணை விட்டுவிட்டார். அதே 15 வருடக் கணக்கில், எந்தக் காரணத்தாலும் சாகாமல் உயிரோடு இருந்தவர்கள் டி1-இல் 21 சதவீதம், டி2-இல் 29. புள்ளியியல்படி இது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்தான் வருகிறது. புற்றுநோயால் சாகவில்லை, வேறெதனாலோ செத்தார்கள் என்றால் குடும்பத்துக்கு என்ன லாபம்?

இரண்டாவது, ஜப்பான் புள்ளிவிவரத்தை வைத்து டி2-வைத் தூக்கிப் பிடிப்பது சரியில்லை. அதிக முடிச்சு எடுத்தால் அதிக நோய் கண்ணில் படும். இரண்டாம் கட்டம் என்று எழுதியிருக்க வேண்டியவர் மூன்றாம் கட்டம் ஆவார். அவர் போனதும் இரண்டாம் கட்டத்தின் சராசரி கூடும். மூன்றாம் கட்டத்துக்கு வந்தவர் அங்கே இருப்பவர்களைவிடத் தேவலை, அதனால் அதன் சராசரியும் கூடும். ஒருவர்கூடக் கூடுதலாகப் பிழைக்காமலே எல்லாக் கட்டமும் நன்றாகத் தெரியும்.

நான் டாக்டர் இல்லை, காப்பீட்டுக் கணக்குப் பார்க்கிறவன். எண்ணைப் பார்த்தால் கை துறுதுறுக்கும்.

வெள்ளைக்கோட்டு:

இரண்டுமே நியாயமான கேள்வி. இரண்டாவதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கட்டத்துக்குக் கட்டம் ஜப்பானையும் மற்ற நாட்டையும் ஒப்பிடுவது வீண்வேலை. குலுக்கல் ஆய்வில் அந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அங்கே கட்டத்தை வைத்து ஒப்பிடாமல் மொத்தக் கூட்டத்தையும் ஒப்பிடுகிறோம்.

முதல் கேள்விக்கு: நெதர்லாந்து டி2 கூட்டத்தில் ஆபரேஷனை ஒட்டியே கூடுதலாக 6 சதவீதம் பேர் போய்விட்டார்கள். பின்னால் வந்த லாபம் முதலில் அந்தக் கடனை அடைக்க வேண்டியிருந்தது. அந்தக் கடனே இல்லாமல் டி2 செய்ய முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி. முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. தைவானில் ஒரே ஆஸ்பத்திரியில் 221 பேர். சர்ஜன்கள் மூன்று பேர், ஒவ்வொருவரும் ஆய்வுக்கு முன்பே குறைந்தது 25 தடவை இந்த ஆபரேஷனைத் தனியாகச் செய்தவர்கள். ஆபரேஷனால் யாரும் இறக்கவில்லை. ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், விரிவாக எடுத்ததில் 59.5 சதவீதம், டி1-இல் 53.6. அவர்கள் எடுத்தது இன்றைய டி2-வைவிடக் கொஞ்சம் கூடுதல். இத்தாலியில் பழகிய கைகள் செய்ததில் ஆபரேஷன் இறப்பு டி1-இல் 3 சதவீதம், டி2-இல் 2.2.

இந்த விவாதத்தில் எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம் வருவது. ஜப்பான்காரர்கள் "எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது" என்ற தங்கள் நம்பிக்கையைத் தாங்களே சோதித்தார்கள். முதலில் பெருந்தமனி ஓரத்து 16-ஆம் எண். 523 பேர். டி2 மட்டும் செய்தவர்கள் ஐந்து வருடத்தில் 69.2 சதவீதம், 16-ஐயும் எடுத்தவர்கள் 70.3. ஒரு பிரயோஜனமும் இல்லை, வழக்கமாக எடுப்பதை விட்டுவிட்டார்கள். மாஸ்நதி சொன்ன அதே சசாகோதான் 2008-இல் அதை வெளியிட்ட குழுவின் முதல் ஆசிரியர். இரண்டு கூட்டத்திலும் ஆபரேஷன் இறப்பு 0.8 சதவீதம் என்பதையும் கவனியுங்கள். அடுத்து மண்ணீரல். மேல்பகுதிக் கட்டி உள்ள 505 பேரில் எடுத்தவர்கள் 75.1, விட்டுவைத்தவர்கள் 76.4. சிக்கல் மட்டும் எடுத்தவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் அதையும் விட்டார்கள்.

ஆக இன்று டி2 என்று சொல்வது 1989-இல் டி2 என்று சொன்னது இல்லை. பழைய எண்ணை வைத்துக்கொண்டு இன்றைய ஆபரேஷனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டி1 போதும் என்ற சர்ஜனையும் குறை சொல்ல மாட்டேன். நோய் இரைப்பையின் உள்சவ்வோடு நிற்கிற ஆரம்ப நிலை என்றாலோ, இதயமோ நுரையீரலோ தாங்காது என்றாலோ குறைவாக எடுப்பதுதான் சரி. ஆனால் ஸ்கேனில் முடிச்சு பெரிதாகத் தெரிகிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்கிறீர்கள். 63 ஒரு வயதே இல்லை.

பச்சிலைப்பாதை:

நிணநீர் முடிச்சு என்பது உடம்பின் காவல்காரன். அதைப் போய் முப்பது நாற்பது எடுத்துவிட்டால் எதிர்ப்புச் சக்தி எங்கிருந்து வரும்? ஆபரேஷனுக்கு முன் ஒரு மண்டலம் நான் சொல்லும் கஷாயத்தை

நெறியாளர்:

மருந்து விற்கும் பகுதி நீக்கப்பட்டது. கேள்வி மட்டும் இருக்கட்டும், பதில் தெரிந்தவர் சொல்லலாம்.

மேசைக்கத்தி:

நான் சொல்கிறேன், நோயியல் பிரிவில் இருக்கிறேன். உடம்பில் ஐந்நூறு அறுநூறு முடிச்சுகளுக்கு மேல் இருக்கின்றன. இரைப்பையைச் சுற்றி முப்பது போனால் எதிர்ப்புச் சக்தி போய்விடாது. மண்ணீரல் போனால்தான் சில கிருமிகளுக்கு எதிராகத் தடுப்பூசி போட வேண்டும், காய்ச்சல் வந்தால் அலட்சியமாக இருக்கக் கூடாது.

நான் வந்தது வேறொன்று சொல்ல. ஆபரேஷன் முடிந்து ரிப்போர்ட் வரும்போது எல்லோரும் "எத்தனை முடிச்சில் நோய்" என்றுதான் பார்க்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணையும் பாருங்கள்: எத்தனை முடிச்சு பார்க்கப்பட்டது.

அந்த எண் எப்படி வருகிறது தெரியுமா? ஃபார்மலினில் ஊறிய இரைப்பை எங்கள் மேசைக்கு வரும். அதோடு தொங்குகிற மஞ்சள் கொழுப்பை விரலால் நசுக்கி நசுக்கி, கொஞ்சம் கெட்டியாகத் தட்டுப்படுவதையெல்லாம் பொறுக்க வேண்டும். பல முடிச்சுகள் துவரம்பருப்பு அளவுதான் இருக்கும், சில அதிலும் சின்னது. நோய் உள்ள முடிச்சு பெரிதாகத்தான் இருக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு, மேசையில் இன்னும் நாலு வாளி காத்திருக்கும்போது, எட்டு கிடைத்ததும் போதும் என்று தோன்றும். தோன்றக் கூடாது, ஆனால் தோன்றும். கொழுப்பு அதிகமுள்ள ஆள் என்றால் இன்னும் கஷ்டம்.

இப்போது கணக்கு. ஒன்று இரண்டு முடிச்சில் நோய் என்றால் என்1 என்ற பிரிவு. மூன்று முதல் ஆறு என்2. ஏழு முதல் பதினைந்து என்3-இன் முதல் பாதி, பதினாறும் அதற்கு மேலும் இரண்டாம் பாதி. மொத்தமே பத்து முடிச்சுதான் பார்த்தார்கள் என்றால் அந்த நோயாளிக்குக் கடைசிப் பிரிவு வரவே வாய்ப்பில்லை, உள்ளே எவ்வளவு இருந்தாலும் சரி. அதனால்தான் குறைந்தது 16 பார்க்க வேண்டும், 30 கிடைத்தால் நல்லது என்று விதி சொல்கிறது. டி2 என்று ஆபரேஷன் குறிப்பில் எழுதிவிட்டு ரிப்போர்ட்டில் ஒன்பது முடிச்சு என்று வந்தால், ஒன்று சர்ஜன் எடுக்கவில்லை, இல்லை நாங்கள் தேடவில்லை. நீங்கள் கேட்கலாம். மிச்சக் கொழுப்பு எங்களிடம் வாளியிலேயே இருக்கும், திரும்பவும் தேடச் சொன்னால் தேடுவோம்.

ஜப்பானில் இந்த வேலையைச் சர்ஜன்களே செய்கிறார்கள். ஆபரேஷன் முடிந்ததும் பக்கத்து மேசையில் வைத்து, ஃபார்மலினில் போடுவதற்கு முன்பே, எண் வாரியாக முடிச்சுகளைப் பிரித்துத் தனித்தனிப் பாட்டிலில் போட்டு அனுப்புவார்கள். எங்கே எந்தத் தமனி ஓடியது என்று வெட்டியவருக்குத்தான் தெரியும். எங்கள் மேசைக்கு வரும்போது அது ஒரு கொழுப்பு உருண்டை.

தாமரைக்குளம்:

டாக்டர்கள் எல்லாம் எண்ணாகவே பேசுகிறீர்கள், நான் படுத்தவன் பேசுகிறேன். எனக்கு இரைப்பை முழுவதும் எடுத்து டி2 செய்தார்கள். வருடங்கள் ஆகிவிட்டன, நன்றாக இருக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து வயிற்றில் ஒரு டியூப் தொங்கும், தம்பி. முதலில் சிவப்பாக வரும், அப்புறம் மஞ்சளாகத் தெளியும். எனக்குச் சாப்பாடு ஆரம்பித்த மறுநாள் அந்தப் பையில் பால் மாதிரி வெள்ளையாக நிறைந்தது. என் மனைவி சீழ் என்று நினைத்து அழுதே விட்டாள். ரவுண்ட்ஸ் வந்த சின்ன டாக்டர் பார்த்துவிட்டு, "இது கைல், நிணநீர்க் குழாய் கசியுது, நெய் எண்ணெய் எல்லாம் நிறுத்துங்க" என்றார். எண்ணெய் துளிகூட இல்லாத கஞ்சி, இட்லி என்று ஓடியது. தானாக நின்றது. நிணநீர் எடுத்தால் வரக்கூடியது இதுதான், கால் வீக்கம் இல்லை. அம்மாவிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள், வெள்ளையாகப் பார்த்து மயங்கி விழாமல் இருப்பார்கள்.

அதே டியூப் தண்ணீரை எடுத்து அமைலேஸ் என்ற கணைய நொதி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அது கணையம் கசிகிறதா என்று தெரிந்துகொள்ள.

மற்றபடி சாப்பாட்டுக் கஷ்டம் முடிச்சு எடுத்ததால் வருவதில்லை, இரைப்பை போனதால் வருவது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. பாயசம், ஜூஸ் என்று இனிப்பைக் குடித்தால் அரைமணியில் வேர்த்து நெஞ்சு படபடக்கும். எனக்கு பி12 ஊசி ஆயுசுக்கும். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்வதை விட்டுவிட்டேன். பரிமாறுகிறவர்கள் என்னைப் பார்த்துப் பாவப்படுவது தாங்கவில்லை.

கொள்ளிடக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இரண்டாவது சர்ஜனிடம் மறுபடி போனோம். வருடத்துக்கு எத்தனை இரைப்பை செய்கிறீர்கள் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அவருடைய யூனிட்டில் மாதத்துக்கு மூன்று நாலு வரும் என்றார். கணையத்தையும் மண்ணீரலையும் தொடப் போவதில்லை என்றும் அவரே சொன்னார்.

ஃப்ளாட் என்ற கீமோ நாலு தவணை, அப்புறம் ஆபரேஷன், அப்புறம் மறுபடி நாலு. அப்பா ஒப்புக்கொண்டார். இரண்டு சந்தேகம் பாக்கி. கீமோவில் முடிச்சு சுருங்கிவிட்டால் டி2 தேவைப்படாதா? லேப்ராஸ்கோபியில் செய்யலாம் என்கிறார், அதில் முடிச்சு குறைவாகக் கிடைக்காதா?

வெள்ளைக்கோட்டு:

ஸ்கேனில் முடிச்சு மறைந்தாலும் எடுக்கும் எல்லை குறையாது. மறைந்த முடிச்சுக்குள் உயிரோடு நாலு செல் இருக்கிறதா என்று ஸ்கேனுக்குத் தெரியாது, மேசைக்கத்திக்குத்தான் தெரியும். ஃப்ளாட் நல்ல முடிவு. 716 பேரை வைத்துப் பழைய கீமோவோடு ஒப்பிட்டதில், பாதிப்பேர் உயிரோடு இருந்த காலம் 35 மாதத்திலிருந்து 50 மாதமாகக் கூடியது. வெள்ளணுக்கள் இறங்கும், வாந்தி, கை கால் மரத்துப்போவது எல்லாம் உண்டு. சர்க்கரைக்காரர் என்பதால் மரத்துப்போவதைக் கீமோ டாக்டரிடம் முன்னாலேயே பேசுங்கள்.

லேப்ராஸ்கோபி பற்றிச் சீனாவில் 1,056 பேரிடம் பார்த்தார்கள், உங்கள் அப்பா மாதிரியே கீழ்ப்பகுதிக் கட்டி, டி2 ஆபரேஷன். மூன்று வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் லேப்ராஸ்கோபியில் 76.5 சதவீதம், வயிற்றைத் திறந்து செய்ததில் 77.8. சமம் என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கேயும் பழகிய கைகள்தான் செய்தன.

சந்தேகப்பேர்வழி:

மாதத்துக்கு மூன்று நாலு என்றால் வருடத்துக்கு நாற்பது பக்கம். நெதர்லாந்து விதிப்படியே பாஸ். எனக்கு ஆட்சேபணை இல்லை.

மேசைக்கத்தி:

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சர்ஜனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், முடிச்சுகளை எண் போட்டுத் தனிப் பாட்டிலில் அனுப்ப முடியுமா என்று. எல்லாவற்றையும் முடியாவிட்டால் 8, 9, 11, 12 மட்டுமாவது. கீமோவுக்கு அப்புறம் முடிச்சு தழும்பாகி இன்னும் சின்னதாகிவிடும், வாளியில் தேடுவது ரொம்பக் கஷ்டம். ரிப்போர்ட் வந்ததும் பெயர், ஆஸ்பத்திரி எல்லாம் மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், வரி வரியாகச் சொல்கிறேன்.